மேல்மடையான் கடமை

ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் இருவரில் மேல்மடையில் இருப்பவன் வலியவன்; கீழ்மடையில் இருப்பவன் எளியவன். இவ்வலிமையை மேல்மடையான் உழைத்துப் பெற்றானா? இல்லை. கல்வியாற் பெற்றானா? அதுவும் இல்லை. நிலத்தின் வாட்டம் அவன் பக்கம் உயர்ந்திருப்பதால் அது அவனுக்கு வந்து வாய்த்தது, அவ்வளவே. இலத்தீன் மொழியில் ஒரே ஓடையில் நீரெடுப்போருக்கு வழங்கிய சொல்லிலிருந்தே, போட்டியாளனைக் குறிக்கும் 'ரைவல்' என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது என்பர் மொழிநூலார். நீரைப் பங்கிட்டவர் பகைவராய் மாறிய கதை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது.

வயலுக்கும் வயலுக்கும் உள்ள வழக்கை ஊர்ப் பஞ்சாயத்து தீர்க்கும். ஊருக்கும் ஊருக்கும் உள்ள வழக்கை நீதிமன்றம் தீர்க்கும். தேசத்துக்கும் தேசத்துக்கும் உள்ள நீர் வழக்கை யார் தீர்ப்பது? இரு தேசங்களுக்கும் மேலாக அமர்ந்து ஆணையிடும் அரசன் ஒருவனும் இல்லை. ஆகவே எஞ்சி நிற்பவை இரண்டே வழிகள்: ஒன்று போர்; மற்றொன்று தூது. இவற்றுள் தூது எவ்வாறு காரியத்தைச் சாதிக்கின்றது, அதற்கு அடிப்படையான அறம் யாது, பகைவனோடு செய்துகொண்ட நீருடன்படிக்கையைப் பகை முற்றிய காலத்திலும் காத்தல் வேண்டுமா என்பவற்றை இங்கே ஆராய்வோமாக.

முதலில் மேல்மடையானுடைய வாதத்தைக் கேட்போம். அவ்வாதத்தை ஒளிவு மறைவின்றிச் சொன்னவர் 1895-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த ஜட்சன் ஹார்மன் என்பவர். ரியோ கிராண்டே என்னும் ஆறு அமெரிக்காவில் பிறந்து மெக்சிகோவின் எல்லையை அடைகின்றது. மேலே இருந்த அமெரிக்கக் குடியானவர்கள் நீரை மிகுதியாக எடுத்துக்கொண்டமையால் கீழே மெக்சிகோ நாட்டார் வயல்கள் காய்ந்தன. அவர்கள் முறையிட்டபோது ஹார்மன் கூறிய அபிப்பிராயம் யாதெனில், ஒரு தேசம் தன் எல்லைக்குள் ஓடும் நீரைத் தன் விருப்பம்போல் பயன்படுத்தலாம். கீழுள்ள தேசத்துக்கு நீர் விடவேண்டிய கடமையைச் சர்வதேசச் சட்டம் எதுவும் விதிக்கவில்லை என்பதாகும்.

ஆனால் நடந்தது என்ன? 1906-ஆம் ஆண்டில் அதே அமெரிக்கா, மெக்சிகோவுக்கு ஆண்டுதோறும் 60,000 ஏக்கர்-அடி நீர் விடுவதாக உடன்படிக்கை செய்துகொண்டது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடியாம். "இதனால் மெக்சிகோவின் உரிமையை ஒப்புக்கொண்டோம் என்று பொருள் கொள்ளலாகாது" என்னும் கருத்தையும் அவ்வுடன்படிக்கையிலேயே எழுதி வைத்தனர். கடமை இல்லை என்று வாய் கூறியது. கையோ நீரை அளந்து விட்டது. சட்டம் பேசிய தேசத்துக்கும் மனச்சான்று முழுதும் ஊமையாகிவிடவில்லை என்பதற்கு இது சான்று.

நமது சமூகத்தைச் சீர்திருத்த விழைவோருக்கு ஹார்மனுடைய வாதம் புதிதாகத் தோன்றாது. பிறப்பென்னும் தற்செயலால் ஒருவனுக்கு வாய்த்த இடத்தை, அவனுடைய தகுதியென்றும் உரிமையென்றும் கூறுவது சாதி. மலைச்சரிவென்னும் தற்செயலால் ஒரு தேசத்துக்கு வாய்த்த இடத்தை உரிமையென்று கூறுவது மேல்மடை வாதம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. 1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-இல் மகாட் நகரத்துச் சவதார் குளத்துக்கு டாக்டர் அம்பேத்கர் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களோடு சென்று, அந்நீரை அள்ளிப் பருகினார். தாகத்தைத் தணிப்பது மாத்திரம் அவர் நோக்கமன்று. நீர் ஒருவனுக்கு அருளப்படும் பிச்சையன்று, பிறந்த மனிதன் ஒவ்வொருவனுக்கும் உரியது என்பதை உலகுக்குக் காட்டவே அவர் அதனைச் செய்தார். குளத்தங்கரையில் நாம் ஒப்புக்கொள்ளும் இந்த நியாயத்தை ஆற்றங்கரையில் மறுப்பது எங்ஙனம்?

மேலும், மேல், கீழ் என்பவை நிலையான பட்டங்களும் அல்ல. பாகிஸ்தானுக்கு மேல்மடையாய் இருக்கும் இந்தியா, பிரம்மபுத்திரா நதியில் சீனாவுக்குக் கீழ்மடையாய் இருக்கின்றது. சிந்துவும் சட்லெஜும்கூடத் திபெத்தில் பிறப்பனவே. கங்கையில் இந்தியா மேல்மடை, வங்காளதேசம் கீழ்மடை. 1975-இல் இயங்கத் தொடங்கிய பரக்கா அணையினால் எழுந்த வழக்கு, 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் 30 ஆண்டுகளுக்கென்று செய்துகொண்ட உடன்படிக்கையால் ஓர் ஒழுங்குக்கு வந்தது. இன்று ஓர் ஆற்றில் அதிகாரம் செய்பவன் மற்றோர் ஆற்றில் முறையிடுபவனாக நிற்கின்றான். ஆகவே கீழ்மடையானுக்கு நீதி மறுப்பவன் தனக்கு வரவேண்டிய நீதிக்கும் குழி தோண்டுகின்றான்.

உலகத்தாரும் இவ்வுண்மையை மெல்ல மெல்ல ஒப்பி வருகின்றனர். 1997-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச நீர்வழிகளைப் பற்றி ஓர் ஒப்பந்தத்தை ஏற்றது. நியாயமான பங்கு, பிறருக்குப் பெருந்தீங்கு செய்யாமை என்னும் இரண்டும் அதன் தூண்கள். 103 தேசங்கள் அதனை ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்தவை சீனா, துருக்கி, புருண்டி ஆகிய மூன்றே. அது நடைமுறைக்கு வருவதற்கு 2014-ஆம் ஆண்டு வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தியாவும் பாகிஸ்தானும் அன்று இருபக்கமும் சேராமல் நின்றன.

நிற்க. கொள்கை எவ்வளவு உயர்ந்ததாயினும் அதனால் மட்டும் ஒரு மடையும் திறக்காது. கொள்கையை மடைவரையில் கொண்டு செல்லும் தொழிலே தூது. வள்ளுவர் தூதுக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தது வீணன்று. தூதின் திறத்தையும் பொறுமையையும் காண விரும்புவோர் சிந்து நதியின் வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

1947-இல் பஞ்சாப் இரண்டாகப் பிளக்கப்பட்டபோது, எல்லைக்கோடு மனிதர்களை வெட்டியதுபோலவே வாய்க்கால்களையும் வெட்டியது. மாதோபூர், பிரோஸ்பூர் என்னும் இடங்களிலிருந்த மதகுகள் இந்தியாவின் கைக்கு வந்தன. அவற்றிலிருந்து நீர் பெற்ற வயல்களிற் பல பாகிஸ்தானிடம் சேர்ந்தன. இருந்தபடியே இருக்கட்டும் என்று செய்துகொண்ட தற்கால ஏற்பாடு 1948 மார்ச்சு 31-இல் முடிவடைந்தது. மறுநாளே, ஏப்ரல் 1-இல், கிழக்குப் பஞ்சாப் சர்க்கார் மதகுகளை மூடினர். விதைப்புக் காலத்தில் நீர் நின்றது. மே 4-இல் டில்லியில் இரு தேசத்தாரும் கூடிப் பேசிய பின்னரே வாய்க்கால்களில் மீண்டும் நீர் ஓடியது. அந்தச் சில வாரங்களின் அச்சம் பாகிஸ்தானியக் குடியானவனுடைய நெஞ்சில் நீங்காத வடுவாக நின்றுவிட்டது. மதகை மூடுவது எளிது. மூடியதை மறக்கச் செய்வது அரிது.

1951-ஆம் ஆண்டில் டேவிட் லிலியந்தால் என்னும் அமெரிக்கர் இரு நாடுகளையும் சுற்றிப் பார்த்தார். டென்னஸி பள்ளத்தாக்கு அணைகளை ஆண்டு பழகியவர் அவர். இஃது அரசியற் பகையாகத் தோன்றினும் உள்ளே இருப்பது பொறியியற் கேள்வி. ஆகவே இதனைப் பொறியியலாரைக் கொண்டு தீர்க்கலாம். ஆற்றுப்பரப்பு முழுவதையும் ஒன்றாகக் கருதி இரு நாட்டாரும் கூடி ஆளலாம் என்று அவர் எழுதினார். உலக வங்கியின் தலைவர் யூஜின் பிளாக் இவ்வெண்ணத்தைப் பற்றிக்கொண்டு இடைநின்று பேச முன்வந்தார். 1952-இல் வாஷிங்டனில் தொடங்கிய பேச்சு முடிவதற்கு எட்டாண்டுகள் சென்றன. கூடி ஆள்வது என்னும் அழகிய எண்ணம் நிறைவேறவில்லை. ஒருவரையொருவர் நம்பாதவர் ஒரே ஆற்றைக் கூடி ஆள இயலாதெனக் கண்டு, 1954-இல் வங்கியார் ஆறுகளையே பங்கிடும் யோசனையைக் கூறினர்.

1960 செப்டம்பர் 19-இல் கராச்சியில் நேருவும் அயூப்கானும் கையொப்பமிட்டனர். உலக வங்கியின் சார்பில் இலிப் என்பவர் ஒப்பமிட்டார். ராவி, பியாஸ், சட்லெஜ் என்னும் கிழக்கு ஆறுகள் மூன்றும் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் என்னும் மேற்கு ஆறுகள் மூன்றும் பாகிஸ்தானுக்கு. மேற்கு ஆறுகளில் இந்தியா குடிநீர்க்கும் மின்சாரத்துக்கும் ஓரளவு வேளாண்மைக்கும் வரையறுத்த அளவில் நீரைப் பயன்படுத்தலாம். ஆறு நதிகளின் நீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மேற்கு ஆறுகளில் ஓடுவது. பாகிஸ்தானோ கிழக்கு ஆறுகளை நம்பியிருந்த தன் பழைய வாய்க்கால்களுக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அதற்கான புதிய வாய்க்கால்களுக்காக இந்தியா 6 கோடியே 20 லட்சத்து 60 ஆயிரம் பவுனைப் பத்துத் தவணைகளில் கொடுத்தது. வேறு பல தேசங்களும் பொருளுதவி செய்தன. இந்தியாவில் சிலர், நேரு அதிகம் கொடுத்துவிட்டார் என்றனர். பாகிஸ்தானில் சிலர், மூன்று நதிகளை விற்றுவிட்டார்கள் என்றனர். இரு பக்கத்திலும் குறை கேட்ட பங்கீடு பெரும்பாலும் நியாயத்துக்கு அண்மையில் இருப்பதே உலக இயல்பு.

இவ்வுடன்படிக்கையின் சிறப்பு அது நட்பை உண்டாக்கிற்று என்பதன்று. நட்பை அஃது உண்டாக்கவில்லை. நட்பு இல்லாமலே நடைபெற்றது என்பதுதான் அதன் சிறப்பு. இரு தேசமும் ஆளுக்கோர் ஆணையரை நியமித்து, ஆண்டுக்கொரு முறையேனும் அவர்கள் சந்திக்க ஏற்பாடு செய்தனர். ஆணையர் தீர்க்க முடியாததை நடுநிலை நிபுணரும், அவராலும் ஆகாததை நடுவர் மன்றமும் தீர்க்கவேண்டுமென வகுத்தனர். எல்லாவற்றினும் மேலாக, ஆறுகளில் ஒவ்வொரு நாளும் ஓடிய நீரின் அளவைக் குறித்து மாதந்தோறும் ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டுமென விதித்தனர். தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்த்து, காலைதோறும் மழையளவைப் பதிவுப் புத்தகத்தில் எழுதும் எனக்கு இவ்விதியின் அருமை நன்கு விளங்குகின்றது. வசை மொழிக்கு மறுமொழி வசையே. கணக்குக்கு மறுமொழியோ கணக்காகத்தான் இருக்கவேண்டும். கணக்கைப் பரிமாறிக்கொள்ளும் இருவர் எவ்வளவு பகைத்திருப்பினும், உண்மை என்று ஒன்று இருக்கிறதென்பதையாவது ஒப்புக்கொள்கின்றனர்.

1965-இல் போர் மூண்டது. அவ்வாண்டின் தவணைப் பணமும் நிற்கவில்லை. 1971-இல் போர் மூண்டது, 1999-இல் கார்கில் மலைகளில் மூண்டது, உடன்படிக்கை நின்றது. செனாப் நதியில் சலால் அணையைப் பற்றிய பிணக்கு 1978-இல் இரு சர்க்காரும் நேரே பேசியதால் தீர்ந்தது. இந்தியா அணையின் அமைப்பை மாற்றிக்கொண்டது. அதே நதியில் பக்லிகார் அணையைப் பற்றிய பிணக்கில் 2007-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ரேமண்ட் லபித் நடுநிலை நிபுணராய்த் தீர்ப்புக் கூறினார். இந்தியாவின் அமைப்பைப் பெரும்பாலும் ஏற்று, சிலவற்றை மட்டும் திருத்தச் சொன்னார். ஒரு குண்டும் வெடிக்காமல் அணையின் உயரம் குறைந்ததாக வரலாறு எழுதப்படுமாயின், அதுவன்றோ தூதின் வெற்றி!

இனி, கடினமான கேள்விக்கு வருவோம். 2025 ஏப்ரல் 22-இல் காஷ்மீரத்துப் பகல்காமில் கொலைஞர்கள் 26 பேரைச் சுட்டுக் கொன்றனர். மறுநாள் இந்தியா, சிந்து நதி உடன்படிக்கையை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. எல்லை கடந்த பயங்கரச் செயல்களுக்குப் பாகிஸ்தான் துணைநிற்பதை விடும்வரை இந்நிலை நீடிக்கும் என்றது. பாகிஸ்தான் தனக்கு இதில் தொடர்பில்லையென மறுத்தது. மே மாதத்தில் நான்கு நாட்கள் இரு நாடுகளும் ஆயுதங்களால் தாக்கிக்கொண்டன. இரத்தமும் நீரும் ஒருங்கே ஓட முடியாது என்று இந்தியப் பிரதம மந்திரி 2016-ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தார். அவ்வாக்கு இப்போது பலருடைய வாயிலும் வந்தது.

இவ்வாதத்தை அற்பமென்று தள்ளுதல் தகாது. கணவனை இழந்தவளிடமும் மகனை இழந்த தாயிடமும் சென்று உடன்படிக்கையின் பிரிவுகளை ஓதுவோமாயின் நாம் கல்நெஞ்சர் ஆவோம். எனக்குத் தீங்கு செய்பவனுக்கு நான் ஏன் நன்மை செய்யவேண்டும் என்று கேட்பது மனித இயல்பு. ஆயினும் இயல்பாகத் தோன்றுவதெல்லாம் நியாயமாகிவிடாது. நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: நீரை நிறுத்தினால் தண்டனை யார்மேல் விழும்? துப்பாக்கி பிடித்தவன் கோதுமை விதைப்பவன் அல்லன். அவனை ஏவியவன் எவனாயினும், அவன் வீட்டுக் குடத்தில் நீர் குறையப்போவதில்லை. குறைவது யார் கொன்றார், யார் இறந்தார் என்று அறியாத குடியானவனுடைய வயலில். குற்றவாளியைப் பிடிக்க முடியாதபோது அவன் ஊரார் அனைவரையும் தண்டிப்பது பழிவாங்கல் ஆகலாம், நீதி ஆகாது. உடன்படிக்கை சர்க்காரோடு எழுதப்பட்டது. கடனோ உழவனுக்கு உரியது.

இந்தியாவின் மனச்சான்றே இதற்குச் சாட்சி சொல்லிற்று. 2025 ஆகஸ்டில் ஜம்முவில் தாவி ஆறு பெருகியபோது, வெள்ளம் வருகிறதென்னும் எச்சரிக்கையை இந்தியா பாகிஸ்தானுக்கு அனுப்பியது. நிறுத்தி வைத்த உடன்படிக்கையின் வழியாக அன்று. இஸ்லாமாபாத்திலுள்ள தன் தூதரகத்தின் வழியாக, மனிதாபிமானம் கருதி அனுப்பியது. வாசல் ஒன்றை மூடியவர்களே வேறொரு வாசலைத் திறந்து, வெள்ளத்தில் மூழ்க இருந்த அயலானைக் கூவி எச்சரித்தனர். அக்கூவல் உடன்படிக்கைக்கும் முந்தியதோர் அறத்தின் குரல். ஆனால் அதனை மனம் இரங்கும் நாளுக்கு விட்டுவிடலாகாது. மனம் இரங்காத நாளிலும் எச்சரிக்கை செல்ல வேண்டும் என்பதற்காகவே உடன்படிக்கைகள் எழுதப்படுகின்றன. அன்பு வந்த பின்னர்த்தான் நீதி செய்வோம் என்பவன் ஒருநாளும் நீதி செய்யமாட்டான்.

இங்ஙனம் கூறுவதால் 1960-இல் எழுதியது எக்காலத்துக்கும் மாறாத வேதம் என்பது கருத்தன்று. வேதமென்று எதனையும் ஏற்காமையே சீர்திருத்தக்காரர் இயல்பு. அறுபதாண்டுகளில் இரு நாட்டிலும் மக்கள் பெருகினர். இமயத்துப் பனிப்பாறைகள் உருகிக் குறைகின்றன. மின்சாரத்தின் தேவை மிகுந்தது. உடன்படிக்கையைத் திருத்த வேண்டுமென இந்தியா 2023 ஜனவரியில் எழுத்து மூலம் கேட்டதில் தவறில்லை. கீழ்மடையானுக்கும் கடமை உண்டு. மேலே நடப்படும் ஒவ்வொரு கல்லுக்கும் தடை கூறிக் காலங்கடத்துவது அவனுக்கு அழகன்று. மேல்மடையான் சினத்துக்கு நெய் வார்ப்பதும் அதுவே. ஆனால் திருத்தம் என்பது இருவர் கூடி உட்காரும் மேசையில் நிகழவேண்டியது. இருவரும் சேர்ந்து செய்யும் மற்றோர் உடன்படிக்கையாலன்றி இது முடிவடையாது என்று அதன் இறுதிப் பிரிவு கூறுகின்றது. ஒருவன் மட்டும் கிழிக்கலாகாது என்பதே எழுத்தின் பொருள்.

சிந்து எங்கோ இருக்கிறது, நமக்கென்ன என்று வாசகர் எண்ணலாகாது. ஜொகூர் கடற்பாலத்தின் மேற் செல்லும் குழாய்களை நம்மிற் பலர் பார்த்திருக்கின்றனர். 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் அப்பாலத்தைத் தகர்த்தபோது ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த குழாயும் அறுந்தது. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. தண்ணீர்ப் பஞ்சமும் அவற்றுள் ஒன்று. 1962-ஆம் ஆண்டின் உடன்படிக்கை, ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரையில் நீரெடுக்கச் சிங்கப்பூருக்கு 2061 வரை உரிமை தந்தது. விலை ஆயிரம் காலனுக்கு 3 காசு. 1965-இல் இரு நாடுகளும் பிரிந்தபோது, இவ்வுடன்படிக்கையைக் காப்பதாகப் பிரிவினைப் பத்திரத்திலேயே உறுதி எழுதினர். விலையைப் பற்றி இரு சர்க்காரும் பலமுறை கடுமையாக வாதிட்டிருக்கின்றனர். மலேசியாவின் குறையிலும் பொருளுண்டு. சிங்கப்பூரின் மறுமொழியிலும் பொருளுண்டு. வாதம் எத்துணை முற்றியபோதும் அதற்காகக் குழாய் மூடப்படவில்லை. இரு கரையிலும் உறவினரை உடைய நமக்கு இதைவிடப் பெரிய செல்வம் யாது?

வலியவன் தன் வலிமையை அளவாக மாற்றிக்கொள்ள இசைவதே நாகரிகம். அவ்வளவை எழுதுவிப்பது தூது. எழுதியதைச் சினத்திலும் காப்பது அறம். தேசங்களுக்கு இதனைப் போதிக்க நாம் மந்திரிகள் அல்லோம். ஆயினும் தேசம் என்பது மனிதர்களின் கூட்டமே. ஒரு தோட்டத்தில் ஒரே குழாயில் நீர் பிடிக்கும் இரண்டு லயத்தார், சண்டையிட்ட மறுநாளும் கீழ்லயத்தார் குடம் நிறைந்ததா என்று பார்த்துவிட்டுக் குழாயை மூடுவாராயின், அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு மேல்மடையான் கடமையைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. அக்கல்வியை நம் வாசலிலேயே தொடங்குவோமாக.